பின்சீட்டின் நீளம்

காங்கேயத்தில் கரூர் சாலையை ஒட்டிப் பழைய கார் வாங்கி விற்கும் சிகாமணியின் கொட்டகைக்கு அந்த வெள்ளைக் கார் வந்து சேர்ந்தது, மழை இதோ வருகிறது அதோ வருகிறது என்று ஊரே அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துப்போன ஒரு புரட்டாசி மாதத்தில். சீமையில் செய்தது, கோயமுத்தூர் மில் முதலாளி ஒருவரிடம் ஓடியது. அவர் காலமானதும் பிள்ளைகள் பாகம் பிரித்தபோது, நிலத்துக்கும் நகைக்கும் அடித்துக்கொண்டவர்கள் இந்தக் காரை மட்டும் நீயே வைத்துக்கொள், நீயே வைத்துக்கொள் என்று ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிவிட்டு, கடைசியில் யாருக்கும் வேண்டாமென்று விற்றுவிட்டார்கள். ஏன் வேண்டாமென்றார்கள் என்று சிகாமணி கேட்கவில்லை. வியாபாரத்தில் சில கேள்விகளைக் கேட்காமல் இருப்பதுதான் லாபம். கொட்டகைக்குள் மூக்கை விட்டால் வால் வெளியே வெயிலில் நின்றது, அவ்வளவு பெரிய கார்.

இத்தனை பெரிய காரை வாங்க வருகிறவர்கள் யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை, உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்க டிரைவர் இருக்கும்போது முதலாளிக்கு ஆக வேண்டியதெல்லாம் பின்சீட்டு எப்படி என்பதுதான். ஆகவே வீட்டுக்காரியை, பங்காளியை, சம்பந்தியை என்று யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து, வெள்ளை வேட்டி கசங்காமல் பின்னால் ஏறி, ஏசிக் காற்று முகத்தில் படுகிறதா, முட்டி இடிக்கிறதா, பள்ளத்தில் இறங்கினால் இடுப்புக்குத் தெரிகிறதா என்று சென்னிமலை சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவார்கள். சிகாமணியே ஓட்டுவான்.

முதலில் வந்தவர்கள் அரிசி மில் அண்ணன் தம்பி. ஒரே வீடு, ஒரே அடுப்பு, அண்ணன் தம்பி என்றால் இவர்களைப் போல இருக்க வேண்டும் என்று ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பார்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் ஏறினார்கள். கார் உருண்டு பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் இருவருக்கும் நடுவில் அந்தத் தேன் நிறத் தோல் சீட்டு நீள ஆரம்பித்தது. பிசைந்த மாவை இழுத்தால் நீள்வது போல, சத்தமில்லாமல், கிழியாமல், நீண்டு நீண்டு, கொஞ்ச நேரத்தில் அண்ணன் இந்த ஜன்னலோரத்திலும், தம்பி ஒரு பெரிய கல்யாண மண்டபத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிற ஆள் போல அந்த ஜன்னலோரத்திலும் இருந்தார்கள். வெளியே நின்று பார்த்தவர்களுக்குக் கார் கார் அளவில்தான் போனது. திரும்பி வந்து கார் நின்றதும் சீட்டும் பழையபடி ஆகிவிட்டது. இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டே அண்ணன் கேட்டார்.

“சீட்டு கொஞ்சம் எச்சா நீளுதுங்களே, சிகாமணி?”

“பெரிய காருங்ணா. அப்படித்தான் இருக்குமுங்,” என்றான் சிகாமணி.

அண்ணனுக்கு அது சரியென்றே பட்டது. பொங்கலுக்கு முன்னாலேயே மில் இரண்டாகிவிட்டது, அடுப்பும் இரண்டாகிவிட்டது.

ஊருக்கு விஷயம் புரிய அதிக நாள் ஆகவில்லை. தினமும் தெருவே கேட்கச் சண்டை போடும் போஸ்ட்மாஸ்டரும் அவர் சம்சாரமும் வாங்குகிற எண்ணமே இல்லாமல் சும்மா ஒரு சுற்றுப் போய்வந்தபோது சீட்டு ஒரு விரல்கடைகூட நீளவில்லை, இறங்கும்போதும் சண்டை போட்டுக்கொண்டேதான் இறங்கினார்கள். குரல் உயர்ந்து யாரும் கேட்டிராத பேங்க் மேனேஜரும் அவர் மனைவியும் போனபோது நடுவில் ஒரு தென்னந்தோப்பு வைக்கலாம் போல நீண்டுவிட்டது, தண்ணீர் பாட்டிலை எடுங்கள் என்று கத்திக் கத்தி அந்த அம்மாளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு பேருக்கு நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறதோ அந்தத் தூரத்தைச் சீட்டு காட்டுகிறது, கூட்டியும் காட்டாது குறைத்தும் காட்டாது என்று ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. யார் மேல் தப்பு என்று காட்டுமா என்று சிலர் ஆசையோடு கேட்டார்கள். காட்டாது. இந்த முனையிலிருந்து அளந்தாலும் அந்த முனையிலிருந்து அளந்தாலும் தூரம் ஒன்றுதானே.

அதன் பிறகு சிகாமணியின் கொட்டகைக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தால் அவன் கார்தான் விற்கிறானா என்று வெளியூர்க்காரனுக்குச் சந்தேகம் வரும். கல்யாணத் தரகர்கள் பத்துப் பொருத்தத்துக்குப் பிறகு சீட்டுப் பொருத்தம் என்று ஒன்றைச் சேர்த்தார்கள், அதற்கு மாப்பிள்ளையும் பெண்ணும் அல்ல, இரண்டு சம்பந்திகளும் ஏறினார்கள். கூட்டு வியாபாரம் தொடங்குகிறவர்கள் பத்திரம் எழுதுவதற்கு முன்னால் ஒரு சுற்றுப் போய்வந்தார்கள். எதிரெதிர்க் கட்சிகளின் நகரச் செயலாளர்கள் இருவர் ஒரு பந்தயத்துக்காக ஏறி, சீட்டு ஒரு நூல்கூட நீளாமல் திரும்பி வந்ததைப் பற்றி டீக்கடையில் வெகுநாள் பேசினார்கள், இரண்டு கட்சிக்காரர்களுமே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஏமாற்றப் பார்த்தவர்களும் உண்டு. கையைக் கோத்துக்கொண்டு ஏறிய ஒரு மாமியாரும் மருமகளும், கோத்த கை எந்த இடத்தில் விட்டுப்போனது என்று தெரியாமலே இறங்கினார்கள். ஊரின் பேச்சிலேயே அந்தச் சீட்டு ஏறிவிட்டது. ‘அவங்களுக்குள்ள ஒரு கட்டில் தூரந்தானுங், சரியாப் போயிரும்’ என்றார்கள். ‘அது கூப்பிடு தூரத்தைத் தாண்டிருச்சுங், இனி ஒண்ணும் பண்ண முடியாது’ என்றார்கள். யாரும் காருக்குக் கற்பூரம் காட்டவில்லை, யாரும் பயந்து ஓடவுமில்லை. லாரி எடை போடும் மேடைக்கு என்ன மரியாதையோ அந்த மரியாதையைக் கொடுத்தார்கள்.

வாங்கத்தான் ஆளில்லை. “கோயில் யானைய எல்லாரும் நின்னு பாப்பாங்க. வீட்டுல கொண்டு போய் யாரு கட்டுவாங்க?” என்று சிகாமணி டீசல் ஊற்றும்போதெல்லாம் பெருமூச்சு விட்டான்.

வாங்கியே தீருவேன் என்று வந்த ஒரே ஆள் சென்னியப்பன். ஊருக்கு வடக்கே அவருக்குத் தேங்காய்க் களம் இருந்தது. வண்டி வண்டியாகத் தேங்காய் வந்து இறங்கும், உடைத்து வெயிலில் பரப்புவார்கள், காய்ந்த பருப்பு எண்ணெய் ஆலைகளுக்குப் போகும். வெயிலோடு பழகிய மனுஷர், தானும் வெயில் மாதிரிதான், எதையும் மறைவாக வைத்துக்கொள்ளத் தெரியாது, எதிரில் இருப்பவருக்குச் சுடுகிறதா என்றும் பார்க்கத் தெரியாது. தை மாதம் அவர் மகன் தீபனுக்குக் கல்யாணம். பெண் எடுத்தது பொள்ளாச்சியில். சம்பந்தி வீட்டு வாசலில் நின்ற கார்களைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து சென்னியப்பனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா அம்மா மண்டபத்துக்கு எதில் போய் இறங்குவது என்பது அவருக்கு அந்தக் கல்யாணத்தின் பாதி.

“சீட்டு விசயம் தெரியுமுங்ளா, மாமா?” என்று சிகாமணி நாணயமாகவே கேட்டான்.

“தெரியாம என்ன. என்ற வீட்டுக்காரி இத்தனை வருசத்துல ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுனதில்லை. அந்தச் சீட்டு எங்ககிட்ட என்னத்தக் காட்டப் போகுது?”

வண்டி வாகனம் எது வாங்கினாலும் வீட்டுப் பெண்பிள்ளை முதலில் ஏறி உட்கார வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். ஆகவே ஒரு சாயங்காலம் மனைவி வசந்தாமணியை அழைத்து வந்தார். அவள் அரக்குக் கரை போட்ட பச்சைப் புடவையில், வலது காலை முதலில் வைத்து, இடது பக்க ஜன்னலோரமாக ஏறி உட்கார்ந்து, கையிலிருந்த துணிப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். சென்னியப்பன் வலது பக்கம் ஏறினார். ஒரு சாண் இடைவெளி. கார் சென்னிமலை சாலையில் திரும்பியது.

சீட்டு நீண்டது. சென்னியப்பன் முதலில் அதைக் கவனிக்கவில்லை, ஏசிக் காற்றைக் கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தாவிடம் குளிருகிறதா என்று கேட்கத் திரும்பினால் வசந்தா ஒரு கட்டில் தூரத்தில் இருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கூடத்துத் தூரத்தில் இருந்தாள். பிறகு அவருடைய களத்தின் அந்தக் கோடியில் நின்று பருப்புக் கிளறும் ஆள் எவ்வளவு சின்னதாகத் தெரிவாரோ அவ்வளவு சின்னதாகத் தெரிந்தாள், அதுவும் போய், களத்தைத் தாண்டி, களத்து வேலியைத் தாண்டி, பக்கத்துக் காட்டுக்காரனின் சோளத்தையும் தாண்டினால் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் பச்சையாக ஒரு புள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் தேன் நிறத் தோல் மட்டும் பளபளவென்று கிடந்தது.

“வசந்தா!”

குரல் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது. புள்ளி திரும்பியது.

“என்னுங்க?” என்று கேட்டது. அந்தச் சொல் வந்து சேரவும் கொஞ்ச நேரம் ஆனது.

அவரை அடித்துப் போட்டது தூரம் அல்ல. அவள் குரலில் ஆச்சரியமே இல்லை. அவர் இப்போதுதான் பார்க்கிற ஓர் இடத்தில் அவள் ரொம்ப காலமாகக் குடியிருக்கிறாள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. கார் திரும்பிக் கொட்டகைக்கு வந்து நின்றது, சீட்டு ஒரு சாணாகச் சுருங்கியது, வசந்தாமணி இறங்கிப் புடவையை உதறிச் சரிசெய்துகொண்டாள்.

“கார் நல்லா இருக்குதுங். வாங்கிரலாமுங்,” என்றாள். வீட்டுக்குப் போய் ராத்திரிக்கு இட்லி ஊற்றினாள், அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எப்போதும் போலப் பக்கத்திலேயே நின்றாள்.

அன்றைக்குச் சென்னியப்பனுக்குப் பயம் வந்துவிட்டது. காருக்குப் பின்னால் ஓடியது போய், ஊர் என்ன சொல்லும் என்பதும் போய், இந்த வீட்டில் தான் ஒண்டியாக இருக்கிறோமோ என்ற பயம். சோறு வைக்கிற கை இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, அந்தக் கைக்கு உரியவள் எங்கேயோ இருக்கிறாள். அதைக் கண்ணால் பார்த்த பிறகு பார்க்காதது போல இருக்க அவரால் முடியவில்லை.

அவருக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார். பழநிக்குக் கூட்டிப்போனார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார், அது வேலைக்காரியின் காதுக்குப் போய், அங்கிருந்து ஊர்க் காதுக்கும் போய், சென்னியப்பனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பேச்சானது. பொரிகடலை வாங்கி வந்தார், மல்லிகை வாங்கி வந்தார். ஒவ்வொன்றும் செய்துவிட்டு, இன்னொரு தரம் ஓட்டிப் பார்க்கிறோம் என்று அவளைக் கொட்டகைக்கு அழைத்து வந்தார். சீட்டு ஒரு முழம்கூடக் குறையவில்லை. ஊர்க்காரர்கள் வழியில் நிறுத்தி, நேற்றைக்கு எப்படிங்க என்று கரிசனமாக விசாரித்தார்கள், விளைச்சலை விசாரிப்பது போல. அரிசி மில் தம்பி மட்டும், “பேசிப் பாருங் மாமா. நாங்க பேசாமயே விட்டுட்டமுங்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேசிப் பார்த்தார். கார் ஓட ஓட, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துவைத்துக்கொண்டு, “உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?” என்று கூப்பிட்டுக் கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்,” என்றாள் வசந்தாமணி.

அந்தச் சொல் வந்து சேர்ந்த நிமிஷத்தில் அவர் தொடைக்குக் கீழே தோல் சரசரவென்று இன்னும் நீண்டு நகர்வது தெரிந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த சிகாமணி பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டான்.

சென்னியப்பனுக்கு ஒரு மகளும் இருந்தாள், சுகந்தி என்று. இருந்தாள் என்றுதான் அவர் சொல்வார். கூடப் படித்த, வேறு சாதிப் பையன் அருளை அவள் கட்டிக்கொண்ட செய்தி வந்த காலையில் சென்னியப்பன் தோட்டத்துக் கிணற்றில் இறங்கித் தலைமுழுகினார். செத்தவர்களுக்கு முழுகுவது போல மகளுக்கு முழுகிவிட்டு ஈர வேட்டியோடு வந்தவர், வாசலில் கூடியிருந்த ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் பார்க்க, சமையல்கட்டு நிலையில் நின்ற வசந்தாமணியின் தலையிலும் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். இன்றோடு நம் இரண்டு பேருக்கும் பெண் இல்லை என்றார். அவள் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, வந்திருந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டாள். விஷயம் அதோடு முடிந்தது என்று சென்னியப்பன் நினைத்தார். இப்போது தீபனுக்குக் கல்யாணம். கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு அவன் உடன்பிறந்தவள் நின்று செய்ய வேண்டிய இணைச்சீருக்குத் தன் தம்பி மகளை நிறுத்திக்கொள்ளலாம் என்று அவர் சொன்னபோதும் வசந்தாமணி சரிங் என்றுதான் சொன்னாள். சரிங் என்றால் சரி என்றுதான் அர்த்தம் என்று இத்தனை வருஷமாக நம்பியவர் அவர்.

ஆனால் வெயில் விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது. அது அவர் தொழில். மூன்று தடவையோ நாலு தடவையோ போய்வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது, எல்லாத் தடவையும் போனது சாயங்காலம், சென்னிமலைக்குப் போகும்போது சாயங்கால வெயில் முழுக்க இடது பக்க ஜன்னலில்தான் விழும், வலது பக்கம் குளுகுளுவென்று நிழல். வெயில் பட்டால் தலைவலி வந்துவிடும் வசந்தாமணிக்கு. அப்படிப்பட்டவள் ஒவ்வொரு தடவையும் போய் இடது பக்கமே உட்காருகிறாள். அடுத்த தடவை அவர் ஏசியைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்க்கவில்லை, தூரத்தில் அன்றைக்கும் பச்சைப் புடவையில் இருந்த அந்தப் புள்ளியை மட்டும் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். நால்ரோடு வந்தது. இடது பக்கம் தகரக் கொட்டகை ஒன்று, உள்ளே நாலு தையல் மெஷின், சென்னிமலைப் போர்வைகள் மலை மலையாகக் குவிந்துகிடந்தன. போர்வைக்கு ஓரம் அடித்துக் கொடுக்கும் இடம். புள்ளி அந்த இடத்தில் கழுத்தை நீட்டியது. கார் தாண்டிய பிறகும் பின்னால் திரும்பிப் பார்த்தது. கொட்டகையில் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தவள் சுகந்தி.

இது அவருக்குத் தெரியாத இடம் அல்ல. அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் அவர் முகத்தை வலது பக்கம் திருப்பிக்கொள்வார், இன்றுவரை ஒரு நாளும் திருப்ப மறந்ததில்லை. வசந்தாமணி காருக்காக வரவில்லை, சீட்டுக்காக வரவில்லை, இந்த ஒரு இடத்தைத் தாண்டிப் போவதற்காகத்தான் அவர் கூப்பிட்ட போதெல்லாம் மறுக்காமல் வந்திருக்கிறாள். கோபம் வருமா என்று பார்த்தார், வரவில்லை.

“சிகாமணி, திருப்பு. நால்ரோட்டுல நிறுத்து,” என்றார்.

திரும்பி வரும்போது தகரக் கொட்டகை வலது பக்கம், அவர் பக்கம் வந்தது. கார் நின்றதும் சீட்டு சுருங்கி வசந்தாமணி பக்கத்தில் வந்துவிட்டாள், ஆனால் அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து இறங்கிச் சாலையைக் கடந்து தகரக் கூரைக்குக் கீழே போய் நின்றார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சுகந்தி எழுந்தாள், உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது, மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். தலைமுழுகிய மகளிடம் எந்த வார்த்தையில் பேச்சைத் தொடங்குவது என்று சாஸ்திரத்தில் எங்கும் இல்லை. ஆகவே அவருக்கு அப்போது தெரிந்த ஒரே விஷயத்தைச் சொன்னார்.

“காரு ஒண்ணு ஓட்டிப் பாக்க வந்தோம். வந்து ஏறு.”

“அந்தக் காருங்ளாப்பா?” என்று சுகந்தி கேட்டாள். ஊருக்கே தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா.

“அந்தக் காருதான்.”

அவள் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். ஏறிப் பார்த்தால் எவ்வளவு தூரம் காட்டும் என்று அவளும் பயந்தாள் என்பது அவள் கத்தரிக்கோலை வைத்த விதத்திலேயே தெரிந்தது. சென்னியப்பன் முதலில் ஏறி உள்ளே நகர்ந்தார், அவருக்கு இந்தப் பக்கம் வலது கதவோரமாகச் சுகந்தி ஏறினாள். கார் உருண்டது. அவர் சீட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மெட்ராஸ் தூரம் போகும், டெல்லி தூரம் போகும், மகள் இருக்கிற திசையே தெரியாமல் போய்விடும் என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

முழங்கை விலாவில் இடித்தது. கண்ணைத் திறந்தால் சுகந்தி அங்கேயே இருந்தாள், இடித்துக்கொண்டு, நெருக்கமாக, மெஷின் எண்ணெயும் புதுத் துணியின் கஞ்சியும் கலந்து மணக்க மணக்க. ஒரு விரல்கடை இடைவெளிகூட இல்லை. அவருக்கு ஒன்றும் புரியவில்லை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. மகள் போன நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் அவர் மனசுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பல் துலக்கும்போது திட்டினார், களத்தில் நிற்கும்போது திட்டினார், முகத்தை வலது பக்கம் திருப்பும்போதெல்லாம் அவளைத்தான் நினைத்துக்கொண்டு திருப்பினார். அவளும் அப்படித்தான் இருந்திருப்பாள். தினமும் இப்படிக் கட்டிப் புரண்டுகொண்டிருந்தவர்களுக்கு நடுவில் தூரம் எங்கிருந்து வரும். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாள்கூட நினைத்துப் பார்க்காத ஆள், சண்டை போடவும் நினைத்துப் பார்க்காத ஆள், பக்கத்தில் நின்று இட்லி வைத்தவள்தான்.

அவர் இடது பக்கம் திரும்பினார். அங்கே சீட்டு நீண்டுகொண்டிருந்தது, களத்தையும் வேலியையும் சோளக்காட்டையும் தாண்டி.

சுகந்தி எட்டிப் பார்த்தாள். “அம்மா அங்க உக்காந்திருக்குதுங்ளா?” என்றாள். பிறகு, பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குப் போகிறவள் சொல்வது போல, “காலைக் கொஞ்சம் ஒதுக்குங்ப்பா,” என்று சொல்லி அவர் முட்டியைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். ரெண்டே எட்டுதான். அவர் கண்ணெதிரிலேயே ரெண்டே எட்டில் அந்தச் சோளக்காட்டுக்கு அப்பால் போய் அம்மாவை இந்தப் பக்கம் நகர்த்திவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அந்தத் தூரம் இல்லவே இல்லை. தூரத்தில் பச்சைப் புள்ளியும் அதன் மேல் சாய்ந்த இன்னொரு புள்ளியுமாக அவருக்குத் தெரிந்தது. அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று தெரியவில்லை, சத்தம் வந்து சேரவில்லை. அத்தனை நீளச் சீட்டில் இந்த முனையில் அவர் மட்டும் இருந்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சென்னியப்பன் சீட்டில் முட்டி போட்டு ஏறினார். தோல் வழுக்கியது. கையை ஊன்றி, முட்டியை நகர்த்தி, கையை ஊன்றி, முட்டியை நகர்த்தி, குழந்தை தவழ்வது போல அந்தச் சீட்டில் போனார். கார் வளைவில் திரும்பும்போது சரிந்தார், மறுபடி எழுந்து போனார். மூச்சு வாங்கியது, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எவ்வளவு போனாலும் இன்னும் இருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்துக்கு வந்ததும் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“வசந்தா. அன்னைக்கு உன்ற தலைல தண்ணி ஊத்துனது தப்பு. நான் ஊத்தியிருக்கக் கூடாது.”

வசந்தாமணி திரும்பி அவரைப் பார்த்தாள். சுகந்தி அம்மாவின் தோளிலிருந்து தலையை எடுத்தாள்.

“மார்கழி மாசமுங் அது,” என்றாள் வசந்தாமணி. “தண்ணி நெம்பச் சில்லுனு இருந்துதுங்.”

அன்றைக்கு அவர் கையில் குடம் இருந்தது, குடத்தில் தண்ணீர் இருந்தது, அது குளிருமா என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. அவர் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கையை எடுத்தால் சரிந்துவிடுவார், ஆகவே துடைக்காமலே போனார்.

முன்னாலிருந்து சிகாமணியின் குரல் கேட்டது. “மாமா, நம்ம கொட்டகை வந்துருச்சுங். நிறுத்திரலாமுங்ளா?”

நிறுத்தினால் சீட்டு சுருங்கிவிடும். சுருங்கினால் அவள் பக்கத்தில் வந்துவிடுவாள், ஒரு சாண் இடைவெளியில், பக்கத்திலேயே இருப்பது போல. அப்படித்தான் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தாகிவிட்டது.

“நிறுத்தாத,” என்றார் சென்னியப்பன். “ஓட்டு. கரூர் வரைக்கும் போனாலும் சரி.”

கார் கொட்டகையைத் தாண்டிப் போனது. அவர் கையை ஊன்றி முட்டியை நகர்த்தினார். இன்னும் ஒரு கூடத்துத் தூரம் இருந்தது. அவர் வருவதையே பார்த்துக்கொண்டிருந்த வசந்தாமணி, தனக்கும் அவருக்கும் நடுவில் சீட்டின் மேல் வைத்திருந்த துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.